ஆனந்தம் என்று பெயர், வேலை என்னவோ பிரேக் போடுவது

சுண்டெலியின் விந்துக்குழாயை வெட்டியெடுத்து, உடல்சூட்டில் வைத்த உப்புக்கரைசலில் தொங்கவிட்டால் அது உடனே செத்துவிடாது. லேசாக மின்சாரம் பாய்ச்சினால் வெடுக்கென்று சுருங்கும். சுருங்குகிற ஒவ்வொரு முறையும் பக்கத்திலுள்ள பதிவுக் கருவியில் ஒரு கோடு எழும்பும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் ராஜர் பெர்ட்வீ இந்தச் சோதனையைக் கஞ்சா சார்ந்த பொருட்களைப் பரிசோதிக்கவே பழக்கி வைத்திருந்தார். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியைக் கரைசலில் கொஞ்சம் சேர்த்தால் கோடுகள் குட்டையாகிவிடும். ஒரு நாள் ஜெருசலேமிலிருந்து அவருக்கு ஒரு மாதிரி வந்தது. செடியிலிருந்து எடுத்ததல்ல, பன்றியின் மூளையிலிருந்து எடுத்தது. அதைச் சேர்த்தபோதும் கோடுகள் குட்டையாயின.

அந்தப் பொருளுக்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லோடு வேதியியலின் 'அமைடு' ஒட்டிக்கொண்டது. 1992 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அன்றிலிருந்து 'மூளையே சுரக்கும் கஞ்சா', 'ஆனந்த மூலக்கூறு' என்றெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். பெயர் அழகுதான். ஆனால் அதனால் வந்த குழப்பமும் கொஞ்சமல்ல. அந்தக் கோடுகளை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொருள் அங்கே எதையும் குதியாட்டம் போட வைக்கவில்லை. துடித்துக்கொண்டிருந்த ஒன்றை அடக்கியது. மூளைக்குள்ளும் இந்தக் குடும்பத்துப் பொருட்களின் வேலை பெரும்பாலும் அதுவே.

இந்தக் கதை பின்பக்கத்திலிருந்து தொடங்கியது. உடம்பில் உள்ள பொருளை முதலில் கண்டுபிடித்து, அதைப் போலச் செடியில் என்ன இருக்கிறது என்று தேடியிருந்தால் அது நேர்வழி. நடந்தது வேறு. முதலில் செடி, அப்புறம் பூட்டு, கடைசியில்தான் சாவி.

1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த இளம் வேதியியலாளர் ரஃபாயேல் மெச்சூலம், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷில், அதாவது கஞ்சாப் பிசினில், 5 கிலோவை ஆராய்ச்சிக்கென்று வாங்கி, பையில் போட்டு, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்தார். இது என்ன வாசனை என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டார்களாம். பிற்காலத்தில் அவரே பலமுறை சிரித்தபடி சொன்ன கதை இது. அபினியிலிருந்து மார்ஃபினையும் கோகா இலையிலிருந்து கோக்கெய்னையும் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் சரக்கு எது என்று மட்டும் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. காரணம் எளியது. கஞ்சாவின் பொருட்கள் எண்ணெய் போலப் பிசுபிசுப்பானவை. ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், படிகமாக எளிதில் பிரிந்து வராது. மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் 1964-இல் டிஎச்சியைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள்.

சரி, அது மூளையில் எப்படி வேலை செய்கிறது? அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்குச் சரியான பதில் இல்லை. டிஎச்சி கொழுப்பில் கரைவது. நரம்புச் செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்புதான். ஆகவே டிஎச்சி சவ்வுக்குள் போய்க் கரைந்து அதை இளக்கிவிடுகிறது, அதனால்தான் போதை என்று பலர் நம்பினார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. சில மூலக்கூறுகளுக்கு இடது கையும் வலது கையும் போலக் கண்ணாடிப் பிம்பம் உண்டு. இரண்டும் கொழுப்பில் ஒரே மாதிரிதான் கரையும். 1980களில் மெச்சூலத்தின் குழு டிஎச்சியைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஒரு செயற்கைப் பொருளை அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு சேர்த்தே தயாரித்தது. ஒன்று ஆளைச் சாய்த்துவிடும் அளவுக்குப் போதை தரக்கூடியது. அதன் பிம்பத்துக்கு அந்த விளைவே இல்லை. வெறுமனே கரைவதுதான் விஷயம் என்றால் இது நடக்காது. வலது கைக் கையுறையில் இடது கை நுழையாததைப் போல, எங்கேயோ வடிவம் பார்த்து வாங்கிக்கொள்கிற ஓர் இடம் மூளையில் இருக்க வேண்டும்.

அந்த இடத்தைக் காட்டியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அலின் ஹௌலெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும். ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய, டிஎச்சி போல வேலை செய்யும் ஒரு பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, எலி மூளையோடு சேர்த்து, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று 1988-இல் அளந்தார்கள். ஒட்டியது. அதுவும் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட அளவில் ஒட்டியது. அதாவது அது ஓர் ஏற்பி. 1990-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் லிசா மட்சுடாவும் டாம் பானரும் இருந்த குழு அதன் மரபணுவையே பிடித்துவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் தேடியது கஞ்சா ஏற்பியை அல்ல. கையில் ஏதோ ஓர் ஏற்பியின் மரபணு இருந்தது, அது எதற்கான ஏற்பி என்று தெரியவில்லை. ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்து, கடைசியில் கஞ்சாவுக்கு அது தலையாட்டியது. அதற்குத்தான் சிபி1 என்று பெயர். மூன்று ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் காணப்படும் சிபி2 கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் கட்டுரையின் கவனம் மூளை என்பதால் அதை இங்கே விட்டுவிடுவோம்.

சிபி1 சாதாரண ஆள் இல்லை. தன் வகையைச் சேர்ந்த ஏற்பிகளில் மூளையில் மிக அதிகமாக இருப்பவற்றுள் அதுவும் ஒன்று. மீன்களுக்கும் பறவைகளுக்கும்கூட உண்டு. மனிதன் என்றாவது ஒரு நாள் கஞ்சா புகைப்பான் என்று எதிர்பார்த்து மீனின் மூளை ஓர் ஏற்பியைத் தயார் செய்து வைத்திருக்காது அல்லவா? உடம்புக்குள்ளேயே அதற்கான பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். இப்படி யோசிக்க ஒரு முன்மாதிரியும் இருந்தது. மார்ஃபினுக்கான ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973-இல் தெரியவந்தது. 1975-இல் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் உடம்பின் சொந்த மார்ஃபினான என்கெஃபலினைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் இருந்ததும் அபர்தீன்தான். பயன்படுத்தியதும் பன்றி மூளைதான். அவர்களும் சுண்டெலியின் விந்துக்குழாயைத்தான் நம்பினார்கள். ஒரே ஊர், ஒரே மாதிரியான குழாய், பதினேழு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள்.

ஆனால் என்கெஃபலினைத் தேடிய வழியில் இதைத் தேட முடியாது. என்கெஃபலின் ஒரு சிறிய புரதத் துண்டு, தண்ணீரில் கரைவது. டிஎச்சி கொழுப்பில் கரைவது. அதன் பூட்டில் நுழையும் உடம்பின் சாவியும் கொழுப்பாகவே இருக்கும் என்று மெச்சூலம் கணித்தார். அப்போது அவர் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஹௌலெட்டின் மாணவரான அதே டிவேன் அங்கே வந்து சேர்ந்தார். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து லூமிர் ஹனுஷும் வந்தார். மூளையோ கொழுப்பு நிறைந்த உறுப்பு. கொழுப்புக் குவியலுக்குள் ஒரு கொழுப்பைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதைவிட மோசம், ஒரு குறிப்பிட்ட வைக்கோலைத் தேடுவதற்குச் சமம். கரைப்பது, பிரிப்பது, ஒவ்வொரு பகுதியும் ஏற்பியில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது, ஒட்டிய பகுதியை மறுபடி பிரிப்பது. இப்படியே கடைசியில் கையில் மிஞ்சியது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலிருந்து அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 20 கார்பன் அணுக்கள் கொண்ட அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தோடு எத்தனாலமைன் என்ற சிறு மூலக்கூறு சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். பார்வைக்கு டிஎச்சிக்கும் இதற்கும் ஒட்டுறவே இல்லை. டிஎச்சி மூன்று வளையங்கள் கோத்த உடம்பு. இது நீளமாக வளைந்து நெளியும் வால். இருந்தும் இரண்டும் ஒரே பூட்டுக்குள் நுழைகின்றன.

மூன்று ஆண்டுகளில் அண்ணனை மிஞ்சிய தம்பி வந்து சேர்ந்தது. 1995-இல் மெச்சூலத்தின் குழு நாயின் குடலிலிருந்தும், ஜப்பானில் டகாயுகி சுகியுராவின் குழு எலியின் மூளையிலிருந்தும் தனித்தனியாக ஒரே பொருளைப் பிரித்தன. இதுவும் அரக்கிடோனிக் அமிலம்தான், ஆனால் சேர்ந்திருப்பது கிளிசராலோடு. அதன் முழுப்பெயர் வாயில் நுழையாது, 2-ஏஜி என்றே சொல்வார்கள். மூளையில் இதன் அளவு ஆனந்தமைடைவிட நூறு மடங்குக்கும் மேல். ஏற்பியைத் தூண்டும் விதத்திலும் வேறுபாடு உண்டு. ஆனந்தமைடு ஏற்பியை அரைமனதாகத் தூண்டும், 2-ஏஜி முழுமையாகத் தூண்டும். நல்ல பெயர் மூத்தவனுக்குப் போய்விட்டது, வேலைப்பளு இளையவன் தலையில்.

பெயர்ப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் இதே குடும்பத்தில் விரோதமின் என்று ஒன்று வந்தது. ஆம், நாம் சொல்லும் அதே விரோதம்தான். எத்தனாலமைனுக்கு இரண்டு முனைகள். ஆனந்தமைடில் கொழுப்பு அமிலம் நைட்ரஜன் முனையில் ஒட்டியிருக்கும், இதில் எதிர்முனையான ஆக்சிஜனில் ஒட்டியிருக்கும். அணுக்கள் அதேதான், ஒட்டிய பக்கம் மட்டும் மாறியது. எதிர்ப்பக்கம் என்பதால் அந்தப் பெயர். அது சிபி1 ஏற்பியில் பல சமயம் ஆனந்தமைடுக்கு எதிர்வேலையும் செய்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

இனி இந்தப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற பகுதி. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. 'மூளையின் கஞ்சா' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். நடுவில் சுமார் 20 நேனோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமனை நான்காயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். செய்தி சொல்லும் செல் இந்தப் பக்கம், கேட்கும் செல் அந்தப் பக்கம். டோப்பமைன், செரட்டோனின், குளூட்டமேட் என்று நாம் கேள்விப்பட்ட வேதித் தூதர்கள் எல்லாம் சொல்பவரின் பக்கம் சின்னச் சின்னப் பைகளில் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டிருக்கும். சமிக்ஞை வந்ததும் பை உடைந்து, தூதர் இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லைத் தொடும். ஒரு வழிப் பாதை. பாடப்புத்தகத்தில் நாம் படித்தது இதுவே.

எண்டோகன்னாபினாய்டுகள் என்று பொதுவாக அழைக்கப்படும் நம் ஆட்கள் இந்த விதிகள் எதையும் மதிப்பதில்லை. கொழுப்பைப் பையில் கட்டி வைக்க முடியாது, பையின் சுவரே கொழுப்பு, கசிந்து போய்விடும். ஆகவே இவற்றைச் சேமித்து வைப்பதே இல்லை. தேவைப்படும்போது, தேவைப்படும் இடத்தில், செல் தன் சவ்விலிருந்தே வெட்டி எடுத்துத் தயாரிக்கிறது. அதைவிட முக்கியமானது அவை போகும் திசை. கேட்கும் பக்கத்தில் உருவாகி, இடைவெளியில் பின்னோக்கிப் பயணித்து, சொல்பவரின் பக்கம் உள்ள சிபி1 ஏற்பியில் உட்கார்கின்றன. சொல்பவர் அதிகமாகப் பேசினால் கேட்பவருக்குள் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் ஏறினால் சவ்வுக்கு அடியில் காத்திருக்கும் ஒரு நொதி 2-ஏஜியை வெட்டுகிறது. அது எதிர்ப்பக்கம் போய் ஏற்பியைத் தொட்டதும் அங்கே கால்சியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, பைகள் உடைவது குறைகிறது. கேட்பவர் சொல்பவரைப் பார்த்து 'போதும், கொஞ்சம் நிறுத்து' என்று கை காட்டுவதைப் போல.

இது எப்படித் தெரிந்தது என்பதும் சுவையான கதை. 1990களின் தொடக்கத்திலேயே ஒரு புதிரான விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். ஒரு நரம்புச் செல்லைச் சில நொடிகள் பலமாகத் தூண்டினால், அதற்கு வந்துகொண்டிருந்த சமிக்ஞை சட்டென்று குறைந்துவிடுகிறது, பத்து இருபது நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. தூண்டப்பட்டது கேட்பவர், ஆனால் குரல் இறங்கியது சொல்பவருக்கு. நடுவே யாரோ பின்னோக்கிப் போய்ச் செய்தி சொல்கிறார்கள். யார்? பத்தாண்டு தேடல். 2001 மார்ச்சில் ஒரே மாதத்தில் மூன்று ஆய்வகங்கள் பதிலோடு வந்தன: கலிஃபோர்னியாவில் ரேச்சல் வில்சனும் ராஜர் நிக்கோலும், ஹார்வர்டில் அனடோல் கிரைட்சரும் வேட் ரெகேரும், ஜப்பானில் மாசானோபு கானோவின் குழு. சிபி1 ஏற்பியை அடைத்துவிட்டால் அந்தப் புதிர் விளைவே வருவதில்லை. பின்னோக்கி ஓடும் தூதர் எண்டோகன்னாபினாய்டுதான். பிறகு 2010 வாக்கில், 2-ஏஜியை வெட்டும் நொதி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, இந்த ஓட்டத்தின் பெரும்பங்கு 2-ஏஜியுடையது என்று உறுதியானது.

வேலை முடிந்ததும் ஆள் உடனே ஒழிக்கப்படுகிறார். 2-ஏஜியைச் சிதைக்கும் நொதி பெரும்பாலும் சொல்பவரின் பக்கமே, ஏற்பிக்கு அருகிலேயே காத்திருக்கிறது. ஆனந்தமைடைச் சிதைக்க எஃப்ஏஏஹெச் என்ற வேறொரு நொதி கேட்பவரின் பக்கம் உண்டு. இதன் மரபணுவை 1996-இல் பெஞ்சமின் கிரவாட் கண்டுபிடித்தார். உருவாக்கவும் அழிக்கவும் அங்கங்கே ஆள். எல்லாம் ஒரு சினாப்ஸில், சில நொடிகளில் நடந்து முடியும்.

இப்போது கஞ்சா என்ன செய்கிறது என்று பாருங்கள். பயிர் வாடும் வயலுக்கு மட்டும், வேண்டிய நேரத்துக்கு மட்டும் மடையைத் திறந்து மூடுவது உடம்பின் வழி. டிஎச்சி ஏரிக்கரையையே உடைத்துவிடுகிறது. மூளையில் சிபி1 உள்ள எல்லாப் பகுதிகளிலும், எல்லா சினாப்ஸ்களிலும், மணிக்கணக்கில் ஒரே நேரத்தில் பிரேக். யாரும் 'போதும்' என்று கேட்காத இடத்திலும் பிரேக். ஏற்பி அதுதான், பூட்டும் அதுதான். இடமும் நேரமும்தான் போய்விட்டன. நினைவைக் கட்டும் ஹிப்போகேம்பஸில் பிரேக் விழுவதால் கஞ்சா அடித்தவருக்குத் தொடங்கிய வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் விழுவதால் தள்ளாட்டம். இதனால்தான் 'மூளையிலேயே கஞ்சா இருக்கிறது, அப்புறம் வெளியிலிருந்து எடுத்தால் என்ன?' என்ற வாதம் நிற்காது. சமையலறையிலும் நெருப்பு இருக்கிறது என்பதற்காக வீட்டைக் கொளுத்துவதில்லை.

ஏற்பி எங்கே இல்லை என்பதும் முக்கியம். 1990-இல் மைல்ஸ் ஹெர்க்கன்ஹாமின் குழு மூளை முழுவதும் ஏற்பி வரைபடம் போட்டபோது, மூச்சையும் இதயத் துடிப்பையும் இயக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளில் மிகக் குறைவாகவே இருப்பதைக் கண்டது. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று ஆள் போய்விடுவதும், கஞ்சாவில் அப்படி நடக்காததும் இதனால்தான். இதை 'கஞ்சா ஆபத்தில்லாதது' என்று படிப்பவர்களும் உண்டு. மூச்சு நிற்காது என்பது மட்டுமே இதன் பொருள். வளர்ந்துகொண்டிருக்கும் பதின்வயது மூளையில் சினாப்ஸ்களைச் செதுக்கும் வேலையிலும் இதே ஏற்பிக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடம்பு தன் அளவில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது? எனக்குப் பிடித்த சோதனை 2002-இல் ஜெர்மனியில் நடந்தது. சுண்டெலிக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து, கூடவே லேசான மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். அடுத்த நாள் ஒலியைக் கேட்டாலே அது உறைந்து நிற்கும். பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால், 'ஒன்றும் இல்லை' என்று மெல்லப் புரிந்துகொண்டு பயம் தணியும். சிபி1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளும் மற்றவற்றைப் போலவே பயப்படக் கற்றுக்கொண்டன. பயத்தை விடுவதற்குத்தான் முடியவில்லை. ஒலி வரும்போதெல்லாம் உறைந்தன. சாதாரணச் சுண்டெலிகளின் மூளையில் பயத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவிலோ, அந்த ஒலியைக் கேட்ட நேரத்தில் எண்டோகன்னாபினாய்டுகள் கூடியிருந்தன. ஆனந்தம் என்று பெயர் வைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டபின் வைத்திருந்தால் 'நிம்மதி' என்று வைத்திருப்பார்களோ என்னவோ.

இன்னொன்று மனதை உலுக்குவது. பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு முதல் நாளிலேயே சிபி1 ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். குட்டிகள் பால் குடிக்கவில்லை. பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. பசியெடுத்துச் சாப்பிடும் முதல் செயலிலேயே இந்த ஏற்பிக்குக் கை இருக்கிறது.

நீண்ட தூரம் ஓடியபின் வரும் மிதப்பான சுகத்தை, உடம்பின் இன்னொரு சொந்த மார்ஃபினான எண்டார்ஃபின் கணக்கில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. ரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் நுழையத் திணறும். ஆனந்தமைடு கொழுப்பு என்பதால் எளிதாக நுழையும். ஓடியவர்களின் ரத்தத்தில் ஆனந்தமைடு கூடுகிறது என்று 2003-இலேயே காட்டினார்கள். 2021-இல் 63 பேரை ஓடவைத்து, எண்டார்ஃபின் ஏற்பிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுகம் அப்படியே இருந்தது. எண்டார்ஃபினின் புகழில் ஒரு பங்கையாவது இடம் மாற்றி எழுத வேண்டும்.

இவ்வளவு வேலை செய்யும் ஓர் அமைப்பை மருந்து நிறுவனங்கள் சும்மா விடுமா? முதலில் வந்தது தடுக்கும் வழி. கஞ்சா பசியைத் தூண்டுகிறது, ஆகவே ஏற்பியை அடைத்தால் பசி குறையும், உடல் இளைக்கும். சனோஃபி நிறுவனத்தின் ரிமோனபன்ட் 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடையும் குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட ஓராண்டில் 4, 5 கிலோ கூடுதலாகவே. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் வந்தன, தற்கொலை எண்ணங்களும் வந்தன. மனநலச் சிக்கல்கள் ஏறத்தாழ இரு மடங்காவதாகக் கணக்கிட்ட ஐரோப்பிய மருந்து முகமை, 2008 அக்டோபரில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவில் அனுமதியே கிடைக்கவில்லை. மூளை முழுக்க உள்ள பிரேக்கை ஒரேயடியாகக் கழற்றினால் வேறென்ன நடக்கும் என்று இப்போது கேட்பது சுலபம்.

அடுத்தது கூட்டும் வழி. இது புத்திசாலித்தனமாகவே தோன்றியது. வெளியிலிருந்து எதையும் ஊற்றாமல், ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை மட்டும் தடுத்தால், உடம்பு எங்கே ஆனந்தமைடைத் தயாரிக்கிறதோ அங்கே மட்டும் அது கூடும். மடை உடம்பின் கையிலேயே இருக்கும். ஃபைசரின் மருந்து அந்த நொதியை நன்றாகவே தடுத்தது, ஆனந்தமைடும் ஏறியது. முழங்கால் மூட்டுவலிக்காரர்களிடம் சோதித்தபோது வலி மட்டும் குறையவில்லை. ஆனந்தமைடு ஒரே ஏற்பியோடு நிற்பதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியையும் அது தூண்டும். ஒரு கையால் வலியை அடக்கிக்கொண்டு மறு கையால் எரிச்சலைத் தட்டி எழுப்பக்கூடிய பொருள் அது.

2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் நடந்தது இன்னும் மோசம். போர்ச்சுகலின் பியால் நிறுவனம் இதே நொதியைத் தடுக்கும் புதிய மருந்தை ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தது. அதிக அளவில் தொடர்ந்து எடுத்த ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு, அந்த மருந்து எஃப்ஏஏஹெச்சை மட்டுமல்லாமல், மனித நரம்புச் செல்களில் கொழுப்பைக் கையாளும் வேறு பல நொதிகளையும் முடக்கியதைக் காட்டியது. ஆனந்தமைடு கூடியதே ஆளைக் கொன்றது என்று இதைப் படிக்கக் கூடாது. மற்ற நிறுவனங்களின் எஃப்ஏஏஹெச் மருந்துகளில் இப்படி நடக்கவில்லை.

மருந்தே இல்லாமல் பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு அறுபதைத் தாண்டிய வயதில் கையில் அறுவை சிகிச்சை. பயங்கரமாக வலிக்கும் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு வலிமாத்திரையே பெரிதாகத் தேவைப்படவில்லை. மயக்க மருந்து நிபுணர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. வாழ்நாள் முழுக்க அவருக்கு வலி என்பது சரியாகத் தெரிந்ததே இல்லை. அடுப்பில் கை சுட்டால்கூடக் கருகும் வாசனை வந்துதான் தெரியும். பதற்றமும் பயமும் மிகக் குறைவு. காயம் சீக்கிரம் ஆறும். எஃப்ஏஏஹெச்சுக்கு அருகில் உள்ள ஒரு மரபணுத் துண்டு அவருக்கு இல்லாததையும், ரத்தத்தில் ஆனந்தமைடு கூடுதலாக இருப்பதையும் 2019-இல் வெளியிட்டார்கள். பேச்சு நடுவில் சொல் மறந்துபோவதும் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதும் அவருக்கு வழக்கம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரேக் கொஞ்சம் கூடுதலாக அழுந்திய மூளையின் வரவும் செலவும் அது.

சாக்லேட்டில் ஆனந்தமைடு இருக்கிறது, அதனால்தான் சாக்லேட் சாப்பிட்டால் மகிழ்ச்சி என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படும். இருப்பது உண்மை, 1996-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அளவு அற்பம், அதிலும் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே சிதைந்துவிடும். சாக்லேட்டின் சுகத்துக்குச் சர்க்கரையும் கொழுப்புமே போதிய விளக்கம். 'உங்கள் உடம்பில் எண்டோகன்னாபினாய்டு பற்றாக்குறை' என்று சொல்லி, கஞ்சாவில் உள்ள போதை தராத பொருளான சிபிடியின் எண்ணெயை விற்கும் விளம்பரங்களும் இதே ரகம். அப்படிப் பற்றாக்குறை ஒன்று இருக்கலாம் என்பது ஒரு கருதுகோள்தான், அதை அளந்து சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. சிபிடி சிபி1 ஏற்பியில் சரியாக ஒட்டக்கூட ஒட்டாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த அமைப்பைத் தொடும் மருந்து ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருக்கிறது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் விழுங்கும் பாராசிட்டமால். அது எப்படி வலியைக் குறைக்கிறது என்று பல பத்தாண்டுகள் சரியாகத் தெரியாமலே டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதன் ஒரு பாதையைக் கண்டார்கள். மாத்திரையின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் உருமாறி மூளைக்குப் போகிறது. அங்கே அதை அரக்கிடோனிக் அமிலத்தோடு சேர்த்து ஏஎம்404 என்ற புதுப் பொருளாக மாற்றுவது ஒரு நொதி. ஆனந்தமைடைச் சிதைக்கிற அதே எஃப்ஏஏஹெச். எலிகளுக்குச் சிபி1 ஏற்பியை அடைத்துவிட்டுப் பாராசிட்டமால் கொடுத்தால், வலி குறைவதில்லை.